இப்ப நல்லா இழுக்குது

எங்கள் காரின் எஞ்சின் எண்ணூறு சிசி. நாலு ஓட்டோக்களைச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். நாங்கள் வாங்கும்போதே அது பழைய கார். பதிவுப் புத்தகத்தில் வெள்ளை என்று போட்டிருக்கிறது. மன்னார் உப்புக் காற்றில் நின்று நின்று அது புளித்த தயிரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"இதை ஏன் அப்பா இன்னும் விக்காமல் வச்சிருக்கிறியள்?" என்று நீங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். கேட்கிற நேரத்தில் எனக்குப் பதில் வருவதில்லை. நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நிறுத்தி நிதானமாக எழுதினால் சரியாக வரும் போலிருக்கிறது. உங்களைப் பெரியவள், சின்னவள் என்றே எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடுவதும் அப்படித்தானே.

என் வேலை லொறி ஓட்டுவது என்பது உங்களுக்குத் தெரியும். தாழ்வுபாட்டுக் கரையில் மீன் ஏற்றி, ஐஸ் போட்டு மூடி, கொழும்புக்குக் கொண்டுபோகிற கூலர் லொறி. அது பலமான வண்டி. ஏறி இருந்து மிதித்தால் போகும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பின்னால் எவ்வளவு மீன் கிடக்கிறது, முன்னால் போகிறவர் என்ன நினைக்கிறார், ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. விடிய இறங்கும்போது எந்த வழியாக வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

காரில் அப்படி இல்லை. எல்லாம் தெரியும். ஒரு மூட்டை அரிசி ஏற்றினால் தெரியும். உங்கள் அம்மாவின் தங்கை, அதுதான் உங்கள் சின்னம்மா, ஏறி இருந்தால் தெரியும். (இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.) முன்னால் ஓர் உழவு இயந்திரம் போனால் லொறியில் வருகிறவன் யோசிக்காமல் வெட்டி எடுத்துக்கொண்டு போவான். காரில் வருகிறவன் தூரத்திலேயே தொடங்க வேண்டும். எதிரே ஆர் வருகிறார்கள், றோட்டு எங்கே வளைகிறது, மூன்றாம் கியரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மெதுவாக வேகம் சேர்த்து, சரியான இடத்தில் வெளியே எடுத்தால் உழவு இயந்திரத்தைத் தாண்டலாம். தாண்டும்போது அதில் இருக்கிறவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவ்வளவு நேரம் பக்கத்தில் போய்க்கொண்டிருப்போம்.

அந்த வேலை எனக்குப் பிடிக்கும். எஞ்சினில் உள்ளது முழுவதையும் எடுத்துப் பாவிக்கிற வேலை. லொறியில் பாதிப் பலம் எந்த நாளும் சும்மா கிடக்கும். காரில் சும்மா கிடப்பது ஒன்றுமில்லை.

என் அப்பா அம்மா மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து மன்னார்ப் பெருநிலத்தில் குடியேறியவர்கள். மலையில் இந்தக் காரை ஓட்டினால் ஒவ்வொரு வளைவிலும் ஆட்களை இறக்கித் தள்ள வேண்டும் என்று அங்குள்ள சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். மன்னாரில் ஏற்றம் இல்லை. இங்கே காற்றுத்தான் ஏற்றம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். தோட்டவெளியில் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, மன்னார்ப் பட்டினத்தில் றோட்டில் படுத்திருக்கிற கழுதைகளைச் சுற்றிக்கொண்டு, தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கிற பெரும்பாலத்தில் ஏறினால் வலப்பக்கக் கடலிலிருந்து காற்று வந்து காரை இடப்பக்கக் கடலுக்குத் தள்ளப் பார்க்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டே நேராகப் போக வேண்டும். தள்ளாடிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி வடக்கே போனால் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அப்போது எண்ணூறு சிசி ஆயிரத்து இருநூறு போலப் போகும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். அப்போது நானூறுதான்.

உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காதால் ஓட்டுவாள். எங்கள் காரில் ஏசி போட்டால் எஞ்சினின் பலத்தில் கொஞ்சம் அதற்குப் போய்விடும். நான் ஒன்றை வெட்டி எடுக்கப் போகிறேன் என்றால் எஞ்சின் சத்தம் மாறுமல்லவா, அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனே அவள் கதையை நிறுத்தாமல் கையை நீட்டி ஏசியை நிறுத்திவிடுவாள். தாண்டி முடிந்ததும் போட்டுவிடுவாள். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அவள் போன வருடம் பங்குனியில் போய்விட்டாள். நோய் எப்படி வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு ஆரோ ஒருவரின் கன்னத்தைத் தொடுவதுபோல இருக்கும். அப்படித்தான் இருந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். தேத்தண்ணி எல்லாருக்கும் காணுமா என்று பார்த்தேன். பந்தல்காரரிடம் எத்தனை மணிக்குக் கழற்றுவார் என்று கேட்டேன். "நல்ல தைரியமான மனுசன்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் சின்னம்மா சின்னவளைப் பெரியமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கொழும்புக்குப் போகிற நாட்களில் வீட்டில் பெரியவள் மட்டும்தான். சின்னவளுக்கு இழுப்பு இருக்கிறது. தூசி பட்டாலும் குளிர் பட்டாலும் நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். நெபுலைசர் பிடிக்க வேண்டும். பெரியவளால் தனியே பார்க்க ஏலாது. அதனால் நானும் ஓம் என்றேன். அங்குள்ள அதிபரைக் கேட்டு ஒரு தவணைக்கு மட்டும் சின்னவளைப் பெரியமடுப் பள்ளிக்கூடத்தில் இருத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளும் நானும் காரில் பெரியமடுவுக்குப் போவோம். பெரியவள் முன் இருக்கையில் இருப்பாள். முதல் தடவை போனபோது விடத்தல்தீவுக்குக் கிட்ட ஒரு பஸ்ஸை வெட்டி எடுக்கப் பார்த்தேன். சத்தம் மாறியது. ஏசி நிற்கவில்லை. நான்தான் கையை நீட்ட வேண்டும் என்பது பிந்தித்தான் விளங்கியது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே மெதுவாகப் போனோம். "ஏன் அப்பா வெட்டேல்லை?" என்று பெரியவள் கேட்டாள். "இழுக்குதில்லை" என்றேன்.

அது பொய்யும் இல்லை. அந்த மாதங்களில் கார் உண்மையாகவே இழுக்காமல் இருந்தது. மிதித்தால் ஒரு முறை விக்கிவிட்டுத்தான் போகும். நான் கராஜுக்குக் கொண்டுபோகவில்லை. காலில் முள்ளுக் குத்தினால்கூட எடுக்கத் தோன்றாத நாட்கள் அவை.

ஆடி மாதம் சின்னம்மா என்னைத் தன் வீட்டு விறாந்தையில் இருத்திவைத்துக் கேட்டாள்.

"அத்தான், அடுத்த தவணைக்கு என்ன செய்யப் போறியள்? பிள்ளை அரைவாசி அங்க, அரைவாசி இஞ்ச எண்டு நிக்க ஏலாது. அங்கத்தைப் பள்ளிக்கூடத்தில விடுகைப் பத்திரம் எடுத்துத் தாங்கோ. நான் இஞ்சயே ஒழுங்காச் சேர்த்துவிடுறன். என்ர பிள்ளையளோட வளரட்டும்."

"முதலாளியிட்டைக் கேட்டிருக்கிறன். கொழும்பு ஓட்டத்தை விட்டிட்டு, கரையிலயிருந்து ஐஸ் கொம்பனிக்கு ஏத்திற சின்ன ஓட்டத்துக்கு மாத்துறன் எண்டவர். பின்னேரம் வீட்டில நிப்பன்."

"நிப்பியள். நிண்டு என்ன செய்வியள்? சுவரைப் பார்ப்பியள். கோபிக்காதேங்கோ. நீங்கள் வந்து அரை மணித்தியாலம் ஆகுது. பிள்ளையோட ரெண்டு சொல்லுக் கதைச்சியளோ?"

நான் கோபிக்கவில்லை. அவள் சொன்னது சரி. சின்னவள் முற்றத்தில் கோழிக்குஞ்சுகளுக்குக் குருணல் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கூப்பிட வேண்டும் என்றும் தெரிந்தது. வாய் வரவில்லை.

கடைசியில் சின்னம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"சரி. ஆவணி லீவில ஒரு கிழமை கொண்டுபோய் வச்சிருந்து பாருங்கோ. ஆனா அத்தான், அங்க அவளுக்கு ஒருக்கா இழுத்துதெண்டாலும் நான் உடன வந்து கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு கதையில்லை, விடுகைப் பத்திரம்தான். சரியோ?"

"ஓம்."

"ஓம் எண்டா?"

"ஓம் எண்டா ஓம்தான்."

"என்ன மனுசனப்பா!" என்று எழும்பி உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கிழமை வந்தது. சின்னவள் ஒரு சின்னப் பையோடும் நெபுலைசரின் குழாயோடும் வந்தாள். மெசின் சின்னம்மா வீட்டில் ஒன்றும் எங்கள் வீட்டில் ஒன்றும் இருந்தது. நான் முதல் நாளே வீட்டைக் கழுவினேன். மெத்தையைத் தட்டி வெயிலில் போட்டேன். கருவாடு காயப்போடுகிற பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். பயத்தில் செய்தேன் என்று நினைக்கிறீர்களா? பயமும் தெரியவில்லை. லொறி எடுக்கமுன் ரயரைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் செய்தேன். இரவில் அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். விசில் இல்லை.

சின்னம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாள். முதல் கேள்வி சின்னவளைப் பற்றி, இரண்டாவது கேள்வி காரைப் பற்றி. "இழுக்காத காரில பிள்ளையை ஏத்திக்கொண்டு வெயிலுக்க நடுவழியில நிக்கப் போறியளோ? முதல்ல அதைத் திருத்துங்கோ" என்று ஏசினாள். அந்த ஏச்சினால்தான் வியாழக்கிழமை காலமை காரை மன்னார்க் கராஜுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

கராஜ்காரப் பெடியன் பொனற்றைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணை, இதை வித்துப்போட்டு ரெண்டு கழுதை வாங்குங்கோ. பெற்றோலும் மிச்சம்."

"கழுதைக்கு ஏசி இல்லையே."

நான் பகிடிக்குப் பகிடி சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டு காபரேட்டரைக் கழற்றினான். உள்ளே மன்னார் மணல். பெற்றோலில் கழுவி, காற்றுக் குழாயை வைத்து ஊதி, திரும்பப் பூட்டினான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மிதித்தான். விக்கல் இல்லை. சத்தம் ஒரே நூலாக வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்னம்மாவின் போன். பெடியன் எஞ்சினை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். வெளியே சோளகம் தகரத்தைத் தட்டுகிறது. நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கதைத்தேன்.

"என்ன மாதிரி அத்தான்?"

"இப்ப நல்லா இழுக்குது!"

"என்ன? எப்ப தொடக்கம்?"

"இப்பதான், காலமை தொடக்கம். நேற்று வரைக்கும் ஒண்டுமில்லை, நானும் பயந்துகொண்டு இருந்தனான். இப்ப விடாமல் இழுக்குது. நீ கேக்கேல்லையோ சத்தம்? இந்தா, போனைக் கிட்டப் பிடிக்கிறன்."

பிடித்தேன். பெடியனும் நன்றாக முறுக்கினான்.

"ஐயோ! ஆரிட்டைக் காட்டினீங்கள்?"

"இஞ்ச ஒரு பெடியன். நல்ல கெட்டிக்காரன். மூச்சுப் போற வழியில மணல் அடைச்சுக் கிடந்ததாம். குழாயை வச்சு ஊதி எடுத்திட்டான்."

"பெடியனோ? டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ அத்தான்!"

அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். "இதுக்கு ஆர் டொக்டர்? இவன்தான் டொக்டர். நாளைக்கும் பார்ப்பம், சரிவரேல்லையெண்டா எல்லாத்தையும் கழட்டித்தான் பார்க்க வேணுமாம்" என்றேன். அதோடு என் போனில் சார்ஜ் முடிந்து அணைந்துவிட்டது.

நான் காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். திருத்தின வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும், அது வழக்கம். ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன். காற்று வலப்பக்கத்திலிருந்து இடித்தது, நானும் ஸ்டியரிங்கை அதன்மேல் சாய்த்துக்கொண்டு போனேன். மூன்றாம் கியரில் எஞ்சின் பாட ஆரம்பித்தது. நாலாம் கியர் போட்டேன், வாங்கிக்கொண்டது. பெரிய ஜீப் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. அதற்குள் இருந்தவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு போனார். நான் தள்ளாடி வரை போய்த் திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். எழுபதுக்கு மேலே அந்தக் கார் போகவில்லை. ஆனால் எழுபதையும் என் கையால், காலால், காதால் சேர்த்தேன். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். மரத்த கன்னத்தில் முதல் தரம் நாக்குப் படுகிறபோது ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் படலையில் ஒரு வான் நிற்கிறது. பெரியமடுவில் நெல்லு ஏற்றுகிற வான். சின்னம்மா மணலில் குந்தியிருக்கிறாள். தலை விரிந்து கிடக்கிறது, கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, மடியில் நெபுலைசர் மெசின். சின்னவள் அவளுக்கு முன்னால் நின்று கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.

என்னைக் கண்டதும் சின்னம்மா எழும்பினாள்.

"எங்க அத்தான் இழுக்குது? எங்க இழுக்குது? நான் வந்து இறங்கேக்க பிள்ளை கயிறடிச்சுத் துள்ளிக்கொண்டு நிண்டுது!"

"ஆருக்கு?"

"பிள்ளைக்கு!"

"பிள்ளைக்கோ? நான் காரையல்லோ சொன்னனான்."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்டது. வான்காரர் கதவில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்தார். "வழியெல்லாம் இந்த அக்கா, மிதி மிதி எண்டு என்ர உயிரை வாங்கினவ. அக்கா, என்ர வானுக்கும் இப்ப இழுக்குது, அந்த மெசினை ஒருக்காப் பிடிச்சு விடுங்கோ."

"நீர் வாயை மூடும்!" என்றாள் சின்னம்மா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் மூக்கைச் சீறிச் சீறிச் சிரித்தாள். "மூச்சுப் போற வழியில மணல் எண்டா நான் என்னத்தை நினைக்கிறது? இவர் போனைப் பிள்ளையின்ர வாயடிக்குப் பிடிக்கிறார் எண்டல்லோ நினைச்சனான். ஐயோ, உந்தச் சத்தத்துக்குப் பிள்ளை முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன்!"

சின்னவளுக்கு விஷயம் முழுதாக விளங்கவில்லை. எல்லாரும் சிரிப்பதால் அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். இருமல் நிற்காமல் வந்தது. சட்டென்று எல்லாருடைய சிரிப்பும் நின்றது. வான்காரரும் நிமிர்ந்து நின்றார். சின்னம்மா சின்னவளின் முதுகில் காதை வைத்தாள். நான் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கச்சான் தோல் புரைக்கேறினது," என்றாள் சின்னம்மா. "நெஞ்சு சுத்தமாக் கிடக்குது."

இன்றைக்கும் நான் போன் எடுத்தால் சின்னம்மா முதலில் கேட்பது, "காரோ, பிள்ளையோ? அதை முதல்ல சொல்லிப்போட்டுக் கதையுங்கோ" என்றுதான். நீங்களும் அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அது சிரிக்கிற கதைதான். ஆனால் அது அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

வான்காரர் அன்றைக்கே போய்விட்டார். சின்னம்மா எங்களோடு தங்கினாள். அடுத்த நாள் காலமை நாலு பேரும் காரில் பெரியமடுவுக்குப் புறப்பட்டோம். கிழமை இன்னும் முடியவில்லை. ஆனாலும் சின்னம்மா, "வீட்டை போய்க் கதைப்பம்" என்றாள். சின்னவளின் சின்னப் பையையும் அவளே எடுத்துக் காரில் வைத்தாள். அவள் முன்னால் இருந்தாள், பிள்ளைகள் பின்னால். கார் நிறைய ஆட்கள். பாலத்தில் மூன்றாம் கியரை விடவில்லை.

தள்ளாடியில் திரும்பி வடக்கே போகத் தொடங்கியதும் சோளகம் பின்னால் வந்து தள்ளியது. எஞ்சின் சத்தம் குறைந்தது. அப்போது சின்னம்மா கேட்டாள்.

"அத்தான், நேற்றுப் போனில சந்தோஷமாக் கதைச்சியள். அக்கா போனதுக்குப் பிறகு அப்பிடி ஒரு குரல் நான் கேக்கேல்லை. பிள்ளைக்கு இழுக்குது எண்டு இந்த மனுசன் சந்தோஷப்படுகுதே, விசர்தான் பிடிச்சிட்டுதோ எண்டு பயந்துபோனன். ஆனா அது காருக்கு. இந்தத் தகரத்துக்கு. பிள்ளையளுக்கு அப்பிடி ஒரு குரல் உங்களிட்டை இருக்கோ?"

பின்னால் இரண்டு பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தேன். பெரியவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இல்லை," என்றேன்.

"எப்ப வரும்?"

"தெரியாது."

"தெரியாதெண்டா நான் என்னெண்டு பிள்ளையை விடுறது? உங்களுக்குப் பிள்ளை வேணுமோ, வேண்டாமோ? நான் அதிபருக்குச் சொல்ல வேணும். வாயைத் திறந்து சொல்லுங்கோ."

லொறியாக இருந்தால் அந்த நேரத்துக்குள் நாங்கள் பள்ளமடுச் சந்தியைத் தாண்டியிருப்போம். என் கார் மெதுவாகப் போனது. பக்கத்தில் உப்பு வெளி, பிறகு கண்டல் பற்றை, பிறகு திரும்பவும் உப்பு வெளி. பதில் சொல்லாமல் இறங்கிப் போகவும் ஏலாது, விரைவாகப் போய்ச் சேரவும் ஏலாது.

"வேணும்," என்றேன்.

கடையில் அரிசி வேணும் என்று சொல்வதுபோலத்தான் என் குரல் இருந்தது. அது எனக்கே கேட்டது. அழுது சொல்லியிருந்தால் சின்னம்மா உடனே நம்பியிருப்பாள். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதனால் இன்னும் ஒரு தரம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் வேணும். சந்தோஷம் இல்லாமல்தான் வச்சிருப்பன் இப்போதைக்கு. ஆனா இரவில எழும்பி மூச்சைப் பார்ப்பன். சோறு காய்ச்சுவன். பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்குவன். கதை கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்."

சந்தியில் வலப்பக்கம் திரும்பி உள் றோட்டில் போகும்போது ஓர் உழவு இயந்திரம் முன்னால் போனது. நான் வெட்டி எடுக்கவில்லை. அதற்குப் பின்னாலேயே பெரியமடு வரைக்கும் போனோம்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா இறங்கி உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. நான் காரிலேயே இருந்தேன். எஞ்சினை நிறுத்தவில்லை, ஏன் என்று தெரியாது. அவள் வெளியே வந்தபோது கையில் சின்னவளின் பள்ளிக்கூடப் பை இருந்தது. பிறகு போய்த் தலையணையைக் கொண்டுவந்தாள். பிறகு வெள்ளைச் சட்டைகளை ஸ்திரிக்கை போட்டு மடித்தபடியே கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் பின்னால் வைத்துக் கதவை அடித்தாள். அந்தக் கதவு இரண்டு தரம் அடித்தால்தான் பூட்டும். இரண்டு தரமும் அடித்தாள்.

"அப்ப கோழிக்குஞ்சு?" என்று சின்னவள் கேட்டாள்.

"நான் பார்க்கிறன். ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணிப் பார்."

"பருந்து கொண்டுபோனா?"

"பருந்துக்கு உங்கட சின்னம்மாவைத் தெரியும், வராது. போய் ஏறு." பிறகு என்னிடம் குனிந்தாள். "மெல்லப் போங்கோ அத்தான்."

"வேற மாதிரிப் போக ஏலாது," என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் போகச் சொன்னாள்.

வரும்போது பெரியவள் முன் இருக்கையைச் சின்னவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பெரிய றோட்டில் ஏறினதும் காற்று முகத்துக்கு வந்துவிட்டது. கார் இரைத்துக்கொண்டு போனது. இரண்டு வான்களும் ஒரு பஸ்ஸும் எங்களைத் தாண்டிப் போயின. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் மீன் பெட்டியோடு தாண்டிப் போனார். சின்னவள் அவருக்குக் கை காட்டினாள்.

மாடுகள் குறுக்கே வந்தன. நிறுத்தி, அவை போகும் வரை பார்த்திருந்து, திரும்ப முதலாம் கியரிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் கியர் போட்டுவிட்டுக் கையைக் கியரின்மேல் வைத்திருந்தேன். சின்னவள் தன் கையைக் கொண்டுவந்து என் கைக்குமேல் வைத்தாள். அவளுடைய கை சூடாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

"அப்பா, மூண்டு போடவோ?"

"கொஞ்சம் பொறு. இன்னும் வேகம் வரேல்லை."

"இப்ப?"

"இன்னும் இல்லை. சத்தத்தைக் கேள்."

அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.